அறிவிப்புப் பலகையில் ஒரு தலை

"ஐயோ, எலி! செத்த எலி!"

குளியலறையிலிருந்து அம்மா குய்ஹுவா போட்ட கூச்சலில் மூன்றாவது மாடியே அதிர்ந்தது. அப்பா நூடுல்ஸ் வடிக்கும் கரண்டியோடு ஓடினார். தெங் ரூய் வாயில் பற்பசை நுரையோடு ஓடினான்.

தண்ணீர் போகும் துவாரத்திலிருந்து அம்மா குச்சியால் தூக்கிப் பிடித்திருந்தது எலி இல்லை. முடி. ஒரு கைப்பிடி முடி.

அப்பா தன் அடர்ந்த கிராப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அம்மா தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ரூயின் உச்சந்தலையைப் பார்த்தார்கள்.

"என்ன அப்படிப் பார்க்கிறீங்க?"

"பார்க்கிறதுக்கு அங்க என்னடா மிச்சம் இருக்கு?" என்றார் அப்பா.

ரூய் சீனாவின் செங்து நகரத்தில் மெட்ரோ ரயில் ஓட்டுநர். வயது முப்பத்திரண்டு. வேலைத் தொப்பி இருந்ததால் விஷயம் இதுவரை வெளியே தெரியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் காதலி வான்ச்சியூவின் அப்பா பாவ் வாத்தியார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார். மூன்று தடவை தள்ளிப்போட்டு இப்போதுதான் சம்மதித்திருக்கிறார். நூலகத்தில் வேலை பார்க்கும் வான்ச்சியூ போன வாரம் கீழே பார்த்தபடி ஒன்று சொல்லியிருந்தாள்: "எங்க வீட்டுல முடி கொஞ்சம் பெரிய விஷயம், ரூய். அப்பா அதைப் பத்திப் பேசாம இருக்க மாட்டாரு."

கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று ரூய் முடிவு செய்து ஒரு வருடம் ஆகிறது. இருக்கிற முடியை ஞாயிறுவரை எப்படியாவது பிடித்து வைப்பது என்று அன்று காலை முடிவு செய்தான்.

அம்மா இஞ்சியை வெட்டி அவன் தலையில் தேய்த்தாள். தலை தக்காளி மாதிரி சிவந்தது.

"இது மேல்பூச்சுக்கு அடங்காது. சிறுநீரகம் பலவீனமா இருக்கு. வைத்தியர்கிட்ட போடா" என்றாள்.

போவதற்கு முன் முடிக்கு நல்லது என்று ஒரு பெரிய கிண்ணம் கறுப்பு எள்ளுக் கஞ்சியும் ஊட்டி அனுப்பினாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. நாடி பார்க்கும் வைத்தியரிடம் போகிறவர்கள் வாயில் நிறம் ஒட்டுகிற எதையும் சாப்பிடக் கூடாது. ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மகனின் தலையை நினைத்துக்கொண்டே கஞ்சி கிண்டிய அம்மாவுக்கு மட்டும் மறந்துவிட்டது.

கிழ வைத்தியர் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தார். தலையாட்டினார். "நாக்கை நீட்டு."

நீட்டினான். வைத்தியர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இவ்வளவு கறுப்பா! எத்தனை நாளா இப்படி?"

"இப்பதான் கவனிக்கிறேன் ஐயா."

"முடிங்கிறது சிறுநீரகத்தோட பூ, தம்பி. வேர் வாடினா பூ உதிராம என்ன செய்யும்?"

வைத்தியரின் தலையில் ஒரு பூகூட இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூச வைத்தது. ரூய் பார்ப்பதைக் கவனித்த வைத்தியர், "நான் ஊராரோட வேரைப் பார்த்துக்கிட்டு இருந்தவன். சொந்த வேரைப் பார்க்க நேரம் ஏது?" என்று சொல்லிவிட்டு, வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு மூலிகை எழுதினார்.

வீட்டில் மண்சட்டி கொதித்தது. குதிரை லாயத்தில் தீப்பிடித்த மாதிரி வாசனை. ரூய் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். மருந்துச் சக்கையை அம்மா வழக்கப்படி குடியிருப்பு வளாகத்தின் நடைபாதையில் கொட்டினாள். நாலு பேர் மிதித்து நடந்தால் நோயும் அவர்களோடு போய்விடும் என்பது பெரியவர்கள் சொன்னது.

நாலு பேர் மிதித்தார்கள். ஐந்தாவதாக வந்த பெங் அக்கா மிதிக்கவில்லை. நின்றாள். குனிந்தாள். முப்பது வருடம் மூலிகைக் கடையில் மருந்து நிறுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். குச்சியால் சக்கையைக் கிளறியே முழுச் சீட்டையும் படித்துவிட்டாள்.

"அடேயப்பா! யாரோ ஒரு ஆம்பிளைக்குச் சிறுநீரகம் சுத்தமாப் படுத்துடுச்சு!"

ஆணுக்குச் சிறுநீரகம் பலவீனம் என்று அந்த ஊரில் சொன்னால், அவன் புருஷன் என்று பெயருக்குத்தான் இருப்பான் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் ஏழு கட்டடத்துக்கும் சேதி போய்விட்டது. எந்த வீட்டில் சட்டி கொதித்தது என்பதை வாசனையே காட்டிக் கொடுத்தது.

அம்மா மகனின் மானத்தைக் காப்பாற்றப் படியிறங்கினாள். "அது ரூய்க்கு இல்லைக்கா. அவங்க அப்பாவுக்கு."

மறுநாள் காலை அப்பா பெரியவர்கள் தினமும் சதுக்கத்தில் கூடி ஆடும் நடனத்துக்குப் போய்ப் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"குய்ஹுவா! ஊர்ல என்னடி சொல்லி வச்சிருக்கே? எட்டு வருஷமா என்கூட ஆடுற சியாங் அம்மா, 'நீங்க உட்காருங்கண்ணே, இடுப்பு பத்திரம்'ங்குது!"

"பிள்ளைக்காக ஒரு பொய் தாங்க மாட்டீங்களா?"

"அவன் முடிக்கு என் மானத்தை ஏன் வழிக்கிற?"

ரூய் எழுந்தான். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன். எல்லாத்தையும் எழுத்துல வாங்கிட்டு வரேன்."

தோல் டாக்டர் கருவியை வைத்து அவன் தலையைத் திரையில் காட்டினார். அறுவடை முடிந்த வயல் போல் இருந்தது.

"அப்பாவுக்கு முடி எப்படி?"

"காடு மாதிரி."

"தாய்மாமனுக்கு?"

ரூய் கொஞ்சம் யோசித்தான். "மாமா மழைக்கு ஒதுங்கினா தலையைத் துடைக்கத் துண்டே வேண்டாம், டாக்டர்."

"பரம்பரை. ரத்தத்துல வந்தது. தைலம் எழுதித் தரேன். ஆனா முதல்ல இன்னும் கொஞ்சம் கொட்டும், பயப்படாதீங்க."

"டாக்டர், கிட்னியையும் சோதிச்சு எழுதிக் கொடுங்க."

"முடிக்கும் கிட்னிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"எங்க ஏரியாவுல ரொம்ப நெருங்கின சம்பந்தம் டாக்டர்."

சனிக்கிழமை முடிவு வந்தது. சிறுநீரகம்: முழு ஆரோக்கியம். அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டாள். அவன் ரயில் ஓட்டப் போன நேரம் பார்த்து அறிக்கையின் இரண்டு பக்கத்தையும் எடுத்துப் போய், வாசல் அறிவிப்புப் பலகையில், தண்ணீர் வராத நாள் அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். மற்றவர்கள் முதல் பக்கத்தோடு திருப்தியடைந்தார்கள். பெங் அக்கா இரண்டாம் பக்கத்தையும் படித்தாள்.

ஞாயிறு காலை ரூய் தொப்பியை இறுக்கிக்கொண்டு விருந்தாளிகளை அழைக்கக் கீழே வந்தபோது பலகைக்கு முன்னால் கூட்டம். நடுவில் ஒரு பெரியவர், கையில் ஆரஞ்சுப் பை. அவருக்குப் பக்கத்தில் குண்டாக ஒரு அம்மாள். பின்னால், முகம் வெளுத்து, வான்ச்சியூ.

"கண்ணாடியை மறந்துட்டேன். 'தெங் ரூய்'னு போட்டிருக்கிற மாதிரி இருக்கே. கொஞ்சம் படிங்கம்மா" என்று பெரியவர் கேட்க, பெங் அக்கா கணீரென்று படித்துக்கொண்டிருந்தாள்.

"'ஆண் வழுக்கை, பரம்பரைக் காரணம்.' கிட்னியா இருந்தா கஷாயத்துல சரியாயிடும் சார். இது ரத்தத்துலயே இருக்கு. பேரப்பிள்ளை வரைக்கும் போகும்! பாவம், எந்த வீட்டுப் பொண்ணு வந்து மாட்டப் போகுதோ!"

ரூயின் பின்னாலேயே இறங்கி வந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வேறு வீட்டுக்காரர் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரூய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே பாவ் வாத்தியார் முன்னால் போய் நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"இதுதான் சார் என் தலை. இஞ்சி, எள்ளு, கஷாயம், தைலம், எல்லாம் பார்த்தாச்சு. இனிமே முடி குறையுமே தவிர வளராது. என் பிள்ளைங்களுக்கும் இப்படி ஆகலாம். உங்க வீட்டுல முடி பெரிய விஷயம்னு வான்ச்சியூ சொன்னா. எனக்கு அவதான் பெரிய விஷயம். நீங்க இன்னைக்கு வேண்டாம்னு சொன்னா அடுத்த ஞாயிறும் வந்து கேட்பேன். அதுக்கடுத்த ஞாயிறும் வருவேன்."

பாவ் வாத்தியார் மகளைத் திரும்பிப் பார்த்தார். வான்ச்சியூ அழுதுகொண்டே சிரித்தாள்.

குண்டு அம்மாள், அவளுடைய அத்தை, நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டுச் சொன்னாள்:

"அப்பாடா, இந்தப் பையன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துதானே மூணு தடவை தள்ளிப்போட்டோம்! வான்ச்சியூ, பதினாறு வயசுலேர்ந்து சுமக்கிற அந்த டோப்பா முடியைக் கழட்டிப் பையில போடு கண்ணு, வெயில் கொளுத்துது."