நாலாவது கண்ணாடி

"மூணாவதுலயும் அலை இருக்கு," என்றார் அளவு பார்ப்பவர், சாவுச் செய்தி சொல்லும் குரலில்.

கடைசல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வானத்து எக்ஸ்ரே கதிர்களைப் பிடிக்கும் தொலைநோக்கிக்கான உலோகக் கண்ணாடி அது. குழாய் வடிவம். வைர முனையால் அதன் உட்புறத்தை எட்டு மணி நேரம் நிறுத்தாமல் கடைய வேண்டும். அறையின் சூடு இம்மி பிசகினாலும் பரப்பில் அலை விழுந்துவிடும்.

"நாலாவதும் போச்சுன்னா மெஷினை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்," என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட இயந்திரம்.

கடைசல்காரரும் சும்மா இருக்கவில்லை. முதல் கண்ணாடி கெட்டதும் ஏசியைச் சந்தேகித்து, இயந்திரத்தின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார். இரண்டாவதில் அலை பெருத்தது. பழியைத் துப்புரவு அம்மாள் மேல் போட்டு, அவரை உள்ளே விடாமல் தானே மூச்சு வாங்க அறையைத் துடைத்தார். மூன்றாவதில் இன்னும் பெருத்தது.

நாலாவது கண்ணாடிக்கான காலையில் மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"உடம்பு அனலாக் கொதிக்குது. இன்னிக்காவது படுங்க."

"நான் பக்கத்துல இல்லேன்னா அதுவும் கெட்டுடும்."

"பக்கத்துல இருந்து மட்டும் என்ன வாழுதாம்?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எட்டு மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்காமல், இயந்திரத்தை முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

மாலையில் அளவு பார்ப்பவர் வந்து அளந்தார்.

"இந்த அலையில கப்பலே விடலாங்க."

கடைசல்காரர் வெளியே வந்து வாட்ச்மேன் பக்கத்து பெஞ்சில் சரிந்தார். வாட்ச்மேனின் போன் அடித்தது. மேனேஜர்தான்.

"ஆமாங்க, காலையில எட்டுல இருந்து உள்ளயேதான் இருந்தாரு," என்றான் வாட்ச்மேன். "இப்பதான் வெளிய வந்தாரு."

அந்த நிலையிலும் கடைசல்காரருக்குச் சுருக்கென்றது. "கதவுல ஒரு ஜன்னல்கூட இல்ல. நீ பாதி நேரம் தூங்குறே. நான் உள்ள இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

வாட்ச்மேன் கொட்டாவி விட்டபடி, கதவைத் திறக்காமலே அறைச் சூட்டைப் பார்க்க வெளிச்சுவரில் மாட்டியிருந்த மீட்டரைக் காட்டினான்.

"இதைப் பாத்துத்தாங்க ரெண்டு வருஷமா சொல்றேன். நீங்க உள்ள போனா ஏறும், வெளிய வந்தா இறங்கும். இன்னிக்கு என்னமோ, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே ஏறிச்சு."