மல்லாந்து படுத்து எண்ணிய கழுகுகள்

இந்தத் தீபாவளிக்கு ஏணியில் ஏறுவதில்லை என்று புரட்டாசியிலேயே முடிவெடுத்துவிட்டேன். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக என் மனைவி அம்சவள்ளியிடம் சொல்லவில்லை.

எனக்கு உயரம் ஆகாது. ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் கால் வைத்தால் எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டே என்னைச் சுற்றி வரும், சர்க்கரை ஆலையின் புகைபோக்கி உட்பட. இது அம்சவள்ளிக்குத் தெரியாது. தெரிந்தால் என் மானம் என்னாவது? இரண்டு ஏக்கர் கரும்புக்குச் சொந்தக்காரன் நான். கிராம சபையில் மைக் இல்லாமலே பேசுகிற தெய்வசிகாமணி. அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற நேரம் பார்த்து எனக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு வருஷம் முழங்கால் வலி. ஒரு வருஷம் சுண்ணாம்பு நெடிக்கு இருமல். போன வருஷம் துக்கம் விசாரிக்கத் திருக்கோவிலூர் போனேன். செத்துப்போனதாக நான் சொன்ன மனிதர் அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

இந்த வருஷம் கைவசம் ஒரு சாக்கும் இல்லை. தவித்துக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கம் போன் செய்தான். என்னோடு படித்தவன். இப்போது பள்ளிக்கூட வாத்தியார், பறவைப் பைத்தியம். வடக்கே குளிர் ஆரம்பித்ததும் பருந்து, வல்லூறு, கழுகு எல்லாம் கூட்டமாகத் தெற்கே கிளம்பிக் கல்வராயன் மலை மேலாகப் போகிறதாம். கரியாலூர்ப் பக்கம் ஒரு பாறையில் இருந்துகொண்டு அவற்றை எண்ண வேண்டும், ஆள் போதவில்லை, சனி ஞாயிறு வருகிறாயா என்று கேட்டான். அந்தச் சனி ஞாயிறுதான் எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பு. போனுக்கே ஒரு முத்தம் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் பேச்சை எடுத்தேன்.

“அம்சா, ஒரு அவசர வேலை வந்திருக்கு. நாட்டுக்காக.”

“இன்னா வேலை?”

“கழுகு எண்ணணும்.”

“யார் வூட்டுக் கழுகு?”

“யார் வூட்டுதும் இல்ல. வடக்க இருந்து வருது.”

“எண்ணி?”

“எவ்ளோன்னு எழுதணும்.”

“எழுதி?”

“இதெல்லாம் விஞ்ஞானம் அம்சா. உனக்குச் சொன்னா புரியாது.”

“சரி, போய்ட்டு வாங்க. மலையில குளுரும். மப்ளர் எடுத்து வெக்கிறேன்.”

“வெள்ளையடிக்கணுமே?” என்று முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன்.

“அது கெடக்குது. நீங்க நாட்டைப் பாருங்க.”

கொஞ்சமாவது அனுபவம் உள்ள எந்தப் புருஷனும் இந்த இடத்தில் உஷாராகியிருப்பான். நான் புளிச்சோற்றோடு பஸ் ஏறினேன். ஜெயிலிலிருந்து விடுதலையான மாதிரி இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே போனேன்.

பாறையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அதன் மேல் ஒரு இரும்புக் கோபுரம். கோபுரத்தில் ஏற ஒரு ஏணி. எங்கள் வீட்டு ஏணி அதற்குப் பேரன் முறை.

பொன்னுரங்கம் தானாகவே சொன்னான்: “மேல ரெண்டு பேருக்கு எடம் பத்தாது. நான் மேல போறேன். நீ கீழ மல்லாந்து படுத்துக்கினு எண்ணு.”

கோபுர உச்சியிலிருந்த மேடையில் ஒரு நாதஸ்வரக் கோஷ்டியே உட்காரலாம். ஆனால் நான் எதற்கு மறுத்துப் பேசப்போகிறேன்? உடனே மப்ளரை விரித்துப் படுத்துவிட்டேன்.

“இங்கியே சுத்திக்கினு இருக்கறது உள்ளூர்ப் பருந்து, அத்த வுட்டுடு. மேல ஏறி, நேரா தெற்க போவுது பாரு, அத்த மட்டும் எண்ணு,” என்றான்.

சனிக்கிழமை மேகம். தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் முதலில் வந்தது ஒரு கருடன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கருட தரிசனம். கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் வானம் காலி. அடுத்து ஒன்று வந்தது. அத்தனை உயரத்தில் வருவது கருடனா, சும்மா பருந்தா என்று எனக்கு எப்படித் தெரியும்? சாமி விஷயத்தில் ரிஸ்க் எடுக்கக் கூடாது. அதற்கும் போட்டுக்கொண்டேன். உச்சி வேளையில் ஒரு பெரிய கூட்டமே வந்துவிட்டது. இறக்கையை அசைக்காமல், வட்டம் போட்டு வட்டம் போட்டு மேலே போயின. இவ்வளவு சுற்றியும் அதில் ஒன்றுக்குக்கூடத் தலை சுற்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது. ஒன்றையும் விடாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“எத்தினிடா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“பதினொண்ணு.”

“நான் நூத்தி நாப்பது பாத்தேனே?”

“கன்னத்துல போட்டுக்கறப்போ பார்க்க முடியலடா.”

“கண்ணைத் தொறந்துக்கினு போட்டுக்கயேன்.”

“அது மரியாதை இல்ல.”

பொன்னுரங்கம் தன் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டான்.

இரவு வீடு திரும்பினால், வாசலிலேயே சுண்ணாம்பு மணம். உள்ளே சுவரெல்லாம் பால் மாதிரி. வெள்ளையடிக்கிற சடையன் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். ஏணி மூலையில் சாய்ந்திருந்தது. தப்பித்தோம் என்று மனசு குளிர்ந்தது.

“கன்னம் இன்னா வீங்கிக்கினு இருக்குது? யார் அடிச்சது?” என்றாள் அம்சவள்ளி.

“பக்தி.”

“இன்னா பக்தியோ. நல்லா எண்ணுனீங்களா?”

தப்பித்த தைரியத்தில் வாய் நீண்டது. “சும்மாவா? பனைமரத்தவுட ஜாஸ்தி உசரம் அந்தக் கோபுரம். உச்சில நின்னு எண்ணுனேன். நான் மட்டும் இங்க இருந்திருந்தா இந்தச் செவுரெல்லாம் அரை நாள்ல முடிச்சிருப்பேன்.”

அவள் காபி டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

“மேல ஏற வுட்டுட்டாரா வாத்தியாரு? ஏணி கிட்டவே வுடாதீங்கன்னு அவ்ளோ சொன்னேனே.”

புரையேறியது. “நீ எப்பச் சொன்ன?”

“உங்களக் கழுகு எண்ண இட்டுக்கினு போங்கன்னு போன் போட்டேனே, அப்ப. சடையனை வரச் சொல்லியிருந்தேன். நீங்க வூட்ல இருந்தா ரோசம் வந்து ஏணில ஏறுவீங்க. விழுந்து வெச்சா யார் பாக்கறது? சாக்கு தேடித் தேடி நீங்களும் எளச்சிட்டீங்க. உசுரோட இருக்கற மனுசனை வேற சாவடிச்சாச்சு.”

“எனக்குத் தலை சுத்தும்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“கல்யாணத்தன்னிக்கே. மணமேடை ஏறறப்போ என் கையை இறுக்கிப் புடிச்சிக்கினீங்க. ஊரே ஆசைன்னு நெனச்சிது.”

எனக்குக் கோபம் வரவில்லை. தலையிலிருந்த கரும்புக் கட்டை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனி முழங்கால் வலிக்க வேண்டாம், இரும வேண்டாம், யாரையும் சாகடிக்க வேண்டாம். உண்மையிலேயே நிம்மதி. ஆனாலும் புருஷன் என்று ஒரு பதவி இருக்கிறதே.

“இனிமே எதுன்னாலும் மொகத்துக்கு நேரா சொல்லு,” என்றேன் கறாராக.

“சரிங்க, இப்பவே சொல்லிடறேன். தெற்க போன கழுகெல்லாம் பங்குனில திரும்பி வருமாம். அத்த எண்ணவும் உங்க பேரைக் குடுத்துட்டேன். அப்பதான் கெணறு தூர் வாரணும், எட்டிப் பாத்தாலே உங்களுக்குத் தலை சுத்துமே.”