ஹோல்டில் போட்ட செய்தி அறிக்கை

போனில் காத்திருப்பதை விரும்பிய மனிதர்கள் இந்த உலகத்திலேயே திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்குப் போன் செய்தவர்கள் மட்டும்தான். காரணம், அங்கே போன்களைப் பார்த்துக்கொண்ட ‘ரிலீஸு’. அவருடைய நிஜப் பெயர் என் நாட்குறிப்பில்கூட இல்லை. நான் அங்கே மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

மண்டியின் ஐந்து போன்களையும் ரிலீஸு ஒரு பழைய கம்ப்யூட்டரில் இணைத்திருந்தார். அதில் ஓடிய மென்பொருள் இலவசம். பல நாட்டுக்காரர்கள் கூடி எழுதுவது. என்னென்ன திருத்தினோம் என்று வாராவாரம் ‘ரிலீஸ் நோட்ஸ்’ என்றோர் அறிக்கை விடுவார்கள். அறிக்கை வரும் நாளில் ரிலீஸு சவரம் செய்துகொண்டு வருவார். அதைத் தமிழாக்கி, தம் குரலிலேயே பதிந்து, ஹோல்டில் இருப்பவர்களுக்குப் பாட்டுக்குப் பதிலாக ஓடவிடுவார். “வணக்கம். இந்த வாரம் பதினோரு பிழைகள் நீங்கின. எதிரொலித் தொல்லை ஓரளவு கட்டுக்குள் உள்ளது.”

ஒலக்கூர் விவசாயி ஒருவர் விலை கேட்கக் கூப்பிடுவார். நான் எடுத்தால் வருத்தப்படுவார். “இன்னா சார், அதுக்குள்ள எடுத்துட்டீங்க? எதிரொலி மேட்டரு பாதியில நிக்குது. திருப்பி ஹோல்டுல போடுங்க.”

ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு வினை வந்தது. எந்த அழைப்பானாலும் சரியாக அரை நிமிடத்தில் அறுந்தது.

முதலாளி ரிலீஸுவைக் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அப்பறம் கடையில ரெடிமேடு பெட்டி வாங்கி மாட்டிடுவேன். உன் கம்ப்யூட்டரத் தூக்கிக்கினு நீ கெளம்பிடு.”

“சாப்ட்வேர் எழுதறவங்களுக்கு எழுதிப் போட்டிருக்கேன் மொதலாளி. பாத்துக்கினு இருக்காங்க.”

“யாரு?”

“தெரியாதுங்க. மூஞ்சிக்கு பதிலா தவளை படம் வச்சிருக்காரு.”

“தவளைய நம்பியா நான் மண்டி நடத்தறேன்?”

அறுந்த அழைப்புகளின் பதிவுகளை அனுப்பச் சொன்னது தவளை. பதிவுகளுக்குப் பஞ்சமில்லை; நான்கு நாளும் ஒலக்கூர்க்காரர் சலிக்காமல் கூப்பிட்டு அறுபட்டுக்கொண்டே இருந்தார். அதிலேயே விலை, ஈரப்பதம், லாரி, மாமியார் உடம்பு எல்லாவற்றையும் அரை நிமிடத்துக்குள் ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்குப் புதிய பதிப்பு வந்தது. ரிலீஸு ஏற்றினார். ஒலக்கூர்க்காரரின் அழைப்பு. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து வினாடி. இருபது. சரியாக அரை நிமிடத்தில் போன் செத்தது.

ரிலீஸு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். முதலாளி அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்டார்.

“இன்னாய்யா, கட்டாயிடுச்சு?”

“கட்டாவலயே. பேச்சு முடிஞ்சிது, நான்தான் வச்சேன்.”

“வைக்காத. பேசிக்கினே இரு.”

“இன்னாத்தப் பேசறது?”

“எதுனா பேசு.”

அவர் தம் மாட்டைப் பற்றி ஒன்பது நிமிடம் பேசினார். ரிலீஸு ஒயரைப் பிரித்து மறுபடி மாட்டினார்.

ஹோல்டில் ஓடிய அடுத்த அறிக்கை இப்படி முடிந்தது: “அரை நிமிடப் பிழை நீங்கியது. உதவியோர்: தவளை, ஒலக்கூர்க்காரர்.”

இப்போது நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். விற்க ஒரு படி மல்லாட்டைகூட என்னிடம் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமைகளில் மண்டிக்குப் போன் போடுகிறேன். யாராவது எடுத்தால், “அவசரமில்லை, ஹோல்டுல போடுங்க” என்கிறேன்.