மூன்று பிள்ளைகளும் பாண்ட் மாஸ்டரும்

கொட்டாஞ்சேனை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத மனிதர் என்று ஒரே ஒருவரைத்தான் கண்டுபிடித்திருக்க முடியும். அவரிடம்தான் நாங்கள் எங்கள் மூன்று பிள்ளைகளையும் ஒப்படைத்திருந்தோம்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாங்கள் குடியிருந்த ஒழுங்கை முழுக்க அவரைப் பாண்ட் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கலியாணம் கட்டவில்லை. கலியாணம், கோயில் திருநாள், சாவீடு எல்லாவற்றுக்கும் வாசிக்கிற ஒரு சின்ன பாண்ட் வைத்திருந்தார். ட்ரம்பெட் அவருடையது. மற்ற வாத்தியங்களுக்குப் பக்கத்து ஊரான முகத்துவாரத்திலிருந்து துறைமுகத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து சேருவார்கள். மாஸ்டருக்கு ஒரு சிவப்புக் கோட்டு இருந்தது, தோளில் பொன்னிறக் குஞ்சம் தொங்கும். கலியாணத்துக்கும் அதே கோட்டு, சாவுக்கும் அதே கோட்டு. கடைக்குப் போனாலும் கீழே சாரம், மேலே கோட்டு. வெயில் கொதிக்கிற கொழும்பில் அந்தக் கோட்டைப் பார்த்தாலே மற்றவர்களுக்கு வியர்க்கும்.

அவர் கீழ்வீட்டில். நாங்கள் மேல்மாடியில்.

பேக்கரிப் பாணுக்கும் பால்மாவுக்கும் கியூவில் நின்ற காலம் அது. நான் யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை, துறைமுகத்தில் கிளார்க். செலினா சிலாபத்து வேதக்காரப் பிள்ளை. இருவரும் விரும்பிக் கட்டியதில் இரண்டு வீட்டுக் கதவுகளும் எங்களுக்குச் சாத்தியிருந்தன. பிள்ளை பார்க்க அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவரும் வரமாட்டார்கள், இந்தப் பக்கத்திலிருந்தும் வரமாட்டார்கள். ஆண்டவர் இதையெல்லாம் கவனிக்காமல் ஒரே பிரசவத்தில் எங்களுக்கு மூன்றைக் கொடுத்தார். றீட்டா, லூசியா, அன்ரன். அவர்கள் நடக்கத் தொடங்கி, விழத் தொடங்கி, ஒருவரை ஒருவர் கடிக்கவும் தொடங்கியிருந்த நேரத்தில், செலினா மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

டொக்டர் அவள் வயிற்றில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"ஒண்டு போலத்தான் கிடக்கு" என்றார்.

அந்த "போல" எங்கள் நித்திரையைக் கெடுத்தது. போன முறையும் அவர் ஒன்று போலத்தான் கிடக்கு என்று சொல்லியிருந்தார்.

"பிரஷர் ஏறியிருக்கு. நல்லா ரெஸ்ட் எடுக்க வேணும். பிள்ளை நோ வந்தால் சுணங்காமல் கொண்டு வாங்கோ."

ரெஸ்ட்! அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே வைப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை. எந்த மேசையில் வைத்தாலும் அன்ரன் ஏறி இழுத்து விழுத்திவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினார்கள். ஒன்றைத் தூக்கினால் மற்ற இரண்டும் இன்னும் உரக்க அழுதன. படியில் காலடி கேட்டது. கதவைத் திறந்தால் சாரமும் சிவப்புக் கோட்டுமாகப் பாண்ட் மாஸ்டர். கக்கத்தில் ட்ரம்பெட்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். "சத்தம் கூடிப்போச்சு."

"சத்தத்துக்கு ஆர் கோவிச்சது? சத்தம் போடுறதுதானே என்ட தொழில். ஒரு தாளம் வேணாமா தம்பி? மூண்டு பேரும் மூண்டு பக்கம் இழுக்குறாங்க. மனிசன் இத எப்படிக் கேக்குறது?"

ட்ரம்பெட்டை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் மூவரும் திறந்த வாயை மூட மறந்து அவரைப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. மெல்ல, இழுத்து இழுத்து, ஏதோ ஒன்றை வாசித்தார். முதலில் லூசியாவின் தலை சரிந்தது. பிறகு றீட்டா. அன்ரன் நின்ற நிலையிலேயே கண்ணை மூடி என் காலில் சாய்ந்தான்.

செலினா கட்டிலில் இருந்தபடி மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், இது சவம் எடுக்கக்குள்ள வாசிக்கிறது இல்லையா?"

"ஓம் மகள்."

"பிள்ளைகளுக்குப் போய் இதையா வாசிப்பாங்க?"

"மகள், இத்தின வருஷமா வாசிக்கிறன். இந்தப் பாட்டுக்கு ஒருத்தராவது எழும்பினதா சரித்திரமே இல்ல."

அன்றைக்குச் செலினா மாதக்கணக்கில் முதல் தடவையாக மத்தியானம் நித்திரை கொண்டாள். அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் மாஸ்டர் மேலே வந்தார், எங்கள் வீட்டிலிருந்து சவப் பாட்டுக் கேட்டது.

ஒழுங்கைக்கு இது புரியக் கொஞ்ச நாள் எடுத்தது. முதல் நாள் எதிர்வீட்டு றோஸ் அக்கா வெள்ளைச் சேலை உடுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தார். உயிரோடு கதவைத் திறந்த என்னைக் கண்டதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சவப்பெட்டி விற்கிற மலர்ச்சாலைக்காரர் ஒருவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஒரு கிழமையாக வாசலில் வந்து நின்றார், பிறகு மனம் வெறுத்துப் போய்விட்டார். இதற்குள் பக்கத்து ஒழுங்கையில் உண்மையாகவே ஒரு கிழவர் காலமானார். சவம் எடுக்கும்போது மாஸ்டர் வாசித்துக்கொண்டு போக, ஒழுங்கைச் சனம் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. "மாஸ்டர் மேல்வீட்டுப் பிள்ளையளப் படுக்க வைக்கிறார்" என்று றோஸ் அக்கா சொல்ல, எல்லோரும் சமையலைப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் றோஸ் அக்காவோடு நெடுநாள் கதைக்கவில்லை.

பிள்ளைகளின் பெயர்கள் மாஸ்டருக்கு மனதில் நிற்கவேயில்லை. பெண்கள் இருவரும் முதலாம் கிளாரினெட், ரெண்டாம் கிளாரினெட். அன்ரன் பெரிய ட்ரம். சாப்பாடு தீத்துவதென்றால் மூவரையும் வரிசையாக இருத்தி, அகப்பையை உயர்த்திப் பிடிப்பார். அகப்பை கீழே வந்தால்தான் வாய் திறக்கலாம். பிள்ளைகள் அதற்கு மயங்கிச் சாப்பிட்டார்கள். நான் அதே அகப்பையை உயர்த்தினால் சோற்றை என் மேலே துப்பினார்கள்.

ஒருநாள் அன்ரன் ட்ரம்பெட்டின் ஊதுவாயைக் கழற்றிப் பருப்புச் சட்டிக்குள் போட்டுவிட்டான். வீடு முழுக்கப் புரட்டிவிட்டுச் சாப்பிட இருந்தபோது அது என் பல்லில் அகப்பட்டது. மாஸ்டர் அதைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு கலியாணத்துக்கு ஓடினார். திரும்பி வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை நல்லவன் தம்பி. ஆனா நான் ஊத ஊத மாப்பிள்ளைக்குப் பசி எடுத்துப் போச்சு. எல்லாப் பாட்டிலயும் பருப்பு மணம்."

பாண் கியூவுக்கும் அவரே போனார். அந்தச் சிவப்புக் கோட்டையும் பாண்ட் தொப்பியையும் கண்ட சனம், இவர் ஏதோ பெரிய இடத்து உத்தியோகத்தர் என்று நினைத்து வழி விட்டது. மாஸ்டர் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. பாணோடு படியேறி வரும்போது பிள்ளைகள் மூவரும் "பாண்! பாண்!" என்று ஓடிவருவார்கள். தன்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று மாஸ்டர் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். செலினா அவரைத் திருத்த வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

எட்டாம் மாதத்தில் அவளுடைய கால்கள் வீங்கிவிட்டன. ஒரு பின்னேரம் நான் வேலையால் வர, அவள் கட்டிலில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். மாஸ்டர் மூலையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"திரும்பவும் மூண்டு எண்டா நான் என்ன செய்யிற? இந்த மூண்டுக்கே என்னால ஏலாம இருக்கு. எனக்கு என்னவும் நடந்தா இதுகள ஆர் பாக்கிற?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"மகள், மூண்டும் மூண்டும் ஆறு. ஆறு பேர் எண்டா ஒரு முழு பாண்ட். முகத்துவாரத்து ஆக்கள நிப்பாட்டிப் போடலாம். அவங்க ஒருநாளும் நேரத்துக்கு வாறதில்ல."

ஒரு மனிதன் ஆறுதல் என்று சொன்னதில் இதைவிட மோசமானதை நான் கேட்டதில்லை. செலினா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பயத்தை எங்களிடம் சொல்லி அழவில்லை.

எங்கள் பங்குக் கோயில் திருநாள் வந்தது. புனிதரின் சுருவத்தைத் தூக்கிப் போகும் ஊர்வலத்துக்கு முன்னால் வாசித்துப் போவது வருஷா வருஷம் மாஸ்டருடைய பாண்ட்தான். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மற்ற நாட்களில் மூச்சு விட்டார் என்று சொன்னாலும் பிழையில்லை. கோட்டைத் தோய்த்துக் காயவைத்து, அன்றைக்கு மட்டும் சாரத்துக்குப் பதிலாக வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம்தான் செலினாவுக்கு நோ கண்டது. நாள் ஆகவில்லை. கண் இருட்டுது என்றாள். பிள்ளைகளை றோஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டு ஒரு மொரிஸ் மைனர் டாக்சியைப் பிடித்து அவளை ஏற்றினேன். ஒழுங்கையால் வெளியே வந்ததும் டாக்சி நின்றுவிட்டது. தெரு முழுக்கத் திருநாள் சனம். மெழுகுதிரியும் குழந்தைகளும் பலூன்காரரும். சாரதி ஹோர்ன் அடித்துப் பார்த்தார். ஒரு பொலிஸ்காரர் விசில் ஊதிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

"பே மாத்தயா. யன்ன பே" என்று சாரதி கையை விரித்தார். போக முடியாது.

செலினா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு இறங்கிச் சனத்துக்குள் புகுந்து ஓடினேன். ஊர்வலத்தின் முன்னால் மாஸ்டர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு வந்தார். நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது. என் முகத்தைக் கண்டார். பாட்டு நடுவில் நின்றது. எந்த மழைக்கும் எந்தச் சண்டைக்கும் பாட்டை இடையில் நிறுத்தாத மனிதர்.

"மகளா?"

"ஓம் மாஸ்டர். டாக்சி போக ஏலாமல் நிக்குது."

அவர் திரும்பித் தன் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். பாண்ட் முழுவதும் சுருவத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டு என் பின்னால் வந்தது. பின்னால் பங்குச் சுவாமி ஏதோ சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. மாஸ்டர் திரும்பவில்லை. டாக்சிக்கு முன்னால் வந்து நின்று, ட்ரம்பெட்டை உயர்த்தி, சவப் பாட்டை வாசிக்கத் தொடங்கினார்.

ஹோர்னுக்கு அசையாத கொட்டாஞ்சேனை சவத்துக்கு அசைந்தது. சனம் இரண்டு பக்கமும் விலகியது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். பலூன்காரர் பலூன்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். திறந்த தெருவில் பாண்ட் முன்னே போக, டாக்சி பின்னே ஊர்ந்தது. செலினா உள்ளே இருந்து "ஐயோ, என்ட ராசா!" என்று அலறினாள்.

தெருவோரத்தில் ஒரு பெண் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பாவம், புருஷனாக்கும். சின்ன வயசு."

நான் செலினாவின் பக்கத்தில்தான் இருந்தேன்.

பெரிய தெருவுக்கு வந்ததும் டாக்சி பறந்தது. ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாஸ்டரும் ஆட்களும் வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் சாவீட்டு பாண்டைக் கண்ட நோயாளிகள் சிலர் கட்டிலில் எழும்பி இருந்துவிட்டார்களாம். காவல்காரர் ஓடிவந்து வாத்தியங்களைச் சுவருக்குப் பின்னால் ஒளிக்கச் சொன்னார். மாஸ்டர் மட்டும் உள்ளே வந்து என் பக்கத்தில் இருந்தார். எந்த நேரமும் அடங்காமல் கதைக்கிற மனிதர், தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. "துவெக்" என்றார் நர்ஸ். மகள்.

நான் எழும்பி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "தவ?" என்று கேட்டேன். இன்னும்?

இன்னும் என்ன வேண்டும், இது போதாதா என்று அவர் என்னை ஏசினார். தாய்க்குச் சுகம், பிள்ளைக்கும் சுகம், இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் கதை வேறு என்றும் சொன்னார்.

மாஸ்டர் "ஒண்டுதானா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒண்டு காணும். சோலோ" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அதற்கு அடுத்த வருஷத் திருநாளுக்கு வேறொரு பாண்டை ஒழுங்கு செய்திருக்கிறார்கள் என்று றோஸ் அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சுருவத்தை நடுத்தெருவில் விட்டுப் போனவருக்கு இனி அந்த இடம் இல்லை என்று சுவாமி முடிவாகச் சொல்லிவிட்டாராம். மாஸ்டர் அதைப் பற்றி எங்களிடம் மூச்சும் விடவில்லை.

நான் கீழே போய்க் கேட்டேன். "ஏன் மாஸ்டர் சொல்லேல்லை? நான் சுவாமியோட வந்து கதைச்சிருப்பன்தானே."

"என்னத்தக் கதைக்க? சுவாமி சொல்றது சரிதான். பிழைதான் செய்தனான். ஆனா தம்பி, சுருவம் காத்துக்கொண்டு நிக்கும். பிள்ளை நிக்குமா?"

திருநாளன்று அவரை மேலே வரச் சொன்னோம். நாங்கள் எல்லோரும் மேல்மாடி விறாந்தையில் நின்றோம். மூன்று பிள்ளைகளும் கம்பிகளுக்குள்ளால் தலையை நீட்டிக் கூத்தாடினார்கள். கீழே புது பாண்ட் வாசித்துக்கொண்டு வந்தது, ஆட்களும் கூட, வாத்தியங்களும் புதிது. அவர் இதை எப்படித் தாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்க்கவேயில்லை. சின்னவள் அவருடைய தோளில் குஞ்சத்தின் மேல் கன்னத்தை வைத்து நித்திரையாகியிருந்தாள். அவள் எழும்பிவிடுவாளோ என்று அவர் அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊர்வலம் போய் முடிந்தது. மெழுகுதிரிகளும் தெருமுனையில் மறைந்தன. செலினா கையை நீட்டினாள்.

"பிள்ளையத் தாங்க அங்கிள். எவ்வளவு நேரமா வச்சுக்கொண்டு நிக்கிறீங்க, கை நோகும்."

"நோகட்டும் மகள்" என்றார் பாண்ட் மாஸ்டர்.