பத்திரமாகப் புறப்பட்ட பரல்

எங்கள் குடும்பத்தினர் இந்த நாட்டுப் பிரஜைகள் என்பதற்கான அத்தனை ஆதாரங்களையும் பீப்பாய் போன்ற ஒரு பரலில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, துணைக்கு ஆளில்லாமல் கடலுக்கு அனுப்பப் பார்த்தவன் நான். அப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. (நிறையப் புத்தகங்கள் வாசித்தவன் என்பதையும் வெட்கத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.)

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டில்தான் போய்க் குடியிருப்பான். வீடு மனைவியின் பெயரில், அதிகாரம் மாமியின் கையில். மருமகனுக்கு மிஞ்சுவது யோசனை சொல்லும் உரிமை மட்டும். குருக்கள்மடத்தில் மாமியின் வீட்டு வளவு வாவிக்கரையில் முடிகிறது. மாரி மழை அடித்தால் வாவி வளவுக்குள் வந்துவிடும். ஆகவே, அனர்த்தத்துக்கு ஆயத்தமாவது பற்றி ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தபோது முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். முக்கியமான பத்திரங்களைத் தண்ணீர் படாமல் வைக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது ஒரு பிளாஸ்டிக் பை. நான் வாங்கியது, ஆள் இறங்கி நிற்கக்கூடிய நீல நிற பிளாஸ்டிக் பரல்.

அடையாள அட்டைகள், காணி உறுதி, மாமியின் பிரஷர் குளிசை, டோர்ச், பிஸ்கட், கத்தி எல்லாம் உள்ளே போயின. மனைவியின் தம்பி ரவி மட்டும் முரண்டுபிடித்தான். அடுத்த வாரம் கட்டாருக்கு வேலைக்குப் போகவேண்டியவன்.

“அத்தான், பாஸ்போட் என்ட சேட்டுப் பொக்கற்றுக்குள்ளயே கிடக்கட்டும்.”

“சேட்டு நனையும். இது நனையுமா?”

பாஸ்போட்டையும் உள்ளே போட்டு, கூரை ஒழுக்குக்குப் பூசும் பசையை மூடியைச் சுற்றித் தாராளமாகப் பிதுக்கினேன். பரல் வாசலுக்குள் நுழையாததால் கிணற்றடியில் நிறுத்தினேன். மழை, வெள்ளம், பாம்பு எல்லாவற்றையும் யோசித்தேன். தண்ணீர் உள்ளே போகாத சாமான் மிதக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

விடாத மழைக்குப் பிறகு ஒருநாள் காலை, முழங்கால் தண்ணீரில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள்.

“இஞ்சருங்க, உங்கட பரல் போகுது.”

“எங்க போகுது?”

“என்னட்டச் சொல்லிப்போட்டா போகும்?”

அந்த நேரம் பார்த்து வீட்டு முன் ஒழுங்கையில் சத்தம் கேட்டது: “முகத்துவாரம் வெட்டியாச்சாம்!” வாவி நிறைந்தால், அது கடலோடு சேரும் இடத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள், ஊருக்குள் நிற்கும் தண்ணீரெல்லாம் கடலுக்கு ஓடும். ஊரே கும்பிட்டு வரவேற்கும் செய்தி. எனக்குத்தான் கும்பிட முடியவில்லை. ஓடும் தண்ணீரோடு ரவியின் கட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது.

ரவி, பக்கத்து வீட்டுச் சின்னத்துரை அண்ணனின் தோணிக்குள் பாய்ந்தான். அண்ணனின் குரல் கரைவரை கேட்டது.

“என்ன மனே அதுக்குள்ள, தங்கமா?”

“என்ட சீவியம் அண்ணே! வலிங்க!”

நீந்தத் தெரியாத நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, “இடப்பக்கம்! இடப்பக்கம்!” என்று கத்தினேன். (யோசனை சொல்லும் உரிமை.) பரல் சுழன்று சுழன்று போய், இறால் பிடிக்க நட்டிருந்த கம்புகளில் முட்டித் தயங்கியது. ரவி குதித்து அதைக் கட்டிப்பிடித்தான்.

கரைக்கு வந்த பரல் திறக்கவில்லை. பசை கல்லாகியிருந்தது. மாமியின் காலைக் குளிசை நேரமும் தாண்டிவிட்டது.

“கத்தி எங்க?” என்றாள் மனைவி.

நான் பரலைப் பார்த்தேன்.

சின்னத்துரை அண்ணன் தன் கத்தியால் மூடியை அறுத்தெடுத்தார். பாஸ்போட் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ரவி குறித்த நாளில் பறந்தான். இப்போதும் மட்டக்களப்பில் மழை என்றால் போன் எடுத்து, “அத்தான், பரலக் கட்டிட்டீங்களா?” என்கிறான். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது, பரல் திறந்த அந்தக் கணத்தில் நடந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

“பாத்தீங்களா மாமி, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகல்ல!”

மாமி குளிசையை விழுங்கிவிட்டு, சொட்டச்சொட்ட நின்ற என்னையும் ரவியையும் மேலும் கீழும் பார்த்தார்.

“ஓம் மருமகன். அடுத்த மழைக்கு ஆக்கள உள்ள போட்டு மூடுங்க. சாமான் வெளியில நிக்கட்டும்.”