ரிஜெக்ட் சாரின் மாத்திரைப் பரிசோதனை

ரிஜெக்ட் சாரைக் கேட்டால், செகந்திராபாத் பக்கத்துப் பாலாநகர் வட்டாரத்தில் குறையில்லாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஓட்டை நடுவில் இல்லை என்று கேன்டீன் வடையைத் திருப்பி அனுப்புவார். வடை என்ன பாவம் செய்தது? மைத்துனன் கல்யாணத்தில் பந்தல்கால் சாய்ந்திருக்கிறது என்று முகூர்த்தத்தையே நிறுத்தப் பார்த்தார்.

பிறகு சந்தேகம் அவர் மேலேயே திரும்பியது. நாங்கள் செய்தவை விமானத்துக்குப் போகும் பாகங்கள். மாலையில் மெட்டுகுடா போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறியவர், பாஸ் செய்த பாகம் சரிதானா என்று இறங்கி உள்ளே ஓடுவார். முதலில் பஸ்ஸே சிரித்தது. கடைசியில் ஒரே பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். லீவில் அனுப்பிவிட்டார்கள்.

"வேலை போனாப் போகுது தம்பி, மனுஷன் பழையபடி ஆனாப் போதும்" என்று அவர் மனைவி அழுதார். என்னால் அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

மனநல டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழம்மா; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று அந்த ஊர் உருது பேச்சில் கலக்கும். தினமும் மாத்திரை, வாரம் ஒருநாள் பேச்சும் பயிற்சியும் என்றார். சாரும் நன்றாகத்தான் தேறி வந்தார். அங்கேதான் பரிசோதகர் புத்தி குறுக்கே வந்தது. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது பழுதை நீக்கியது என்று எப்படித் தெரியும்? யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய தொழிற்சாலை வாசலில் வெயிலில் நின்று, உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சி, மயங்கி விழுந்தார்.

டாக்டர் திட்டவில்லை.

"மாத்திரை நக்கோன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

"எது வேலை செய்யுதுன்னு பாக்கணுமே மேடம்."

"உங்க பதட்டத்தை மாத்திரை கொஞ்சம் இறக்கும். அப்பதான் நான் சொல்ற பயிற்சியை உங்களால செய்ய முடியும். ரெண்டும் வேணும்."

"அப்ப எதால சரியாச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாதா?"

"ஹவ். தெரியாமயே இருக்கப் பழகணும். அதுதான் பயிற்சியே."

மனுஷன் வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆனால் இரண்டையும் விடாமல் செய்தார்.

மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பிய முதல் மாலை, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் பழைய வழக்கப்படி திரும்பிப் பார்த்து, "இறங்கணுமா சார்?" என்றார்.

"இறங்கணும்னுதான் இருக்கு," என்றார் ரிஜெக்ட் சார். "நீ வண்டிய எடுப்பா."

பஸ் கிளம்பியது. எழுந்துவிடப் பார்ப்பதுபோல் அவர் கை சீட்டை ஊன்றியது. மெட்டுகுடா வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமையாக வேறெவர் கையையும் நான் பிடித்ததில்லை.