மஞ்சள் கொடிக்குப் பின்னால் இருபத்தொரு பேர்

எங்கள் ஊரில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. கொடி பிடித்து முன்னால் நடப்பவரை, பின்னால் நடப்பவர்கள் கேள்வி கேட்கக் கூடாது. கொடி குளத்தை நோக்கிப் போனால் குளத்தை நோக்கிப் போக வேண்டும். குளத்துக்குள் இறங்கினால், காலணிகளைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்துவிட்டு இறங்க வேண்டும். 'வழி தவறிவிட்டோமோ' என்று வாய்விட்டுக் கேட்பது, கொடி பிடித்தவரை இருபது பேர் நடுவில் நிறுத்தி அவமதிப்பதற்குச் சமம். அதைவிட நனைந்துவிடுவது மேல் என்பதில் எங்களுக்குள் இதுவரை கருத்து வேறுபாடு எழுந்ததில்லை.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தக் கொடி அசானுமாவின் கையில் இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் அவன் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. ஓய்வு பெற்ற ஊழியர்களை ஆண்டுதோறும் மலையடிவாரக் கோயில்களுக்கு, மழைக்காலத்தில் நீலக் கொத்துகளாகப் பூக்கும் அஜிசாய்ப் பூ பார்க்க அழைத்துச் செல்லும் பொறுப்பு, எல்லோரும் ஒதுங்கிக்கொண்டதால், அவன் தலையில் விழுந்திருந்தது. முந்தின நாள் மாலை மேலாளர் குரோசு, வெளுத்துப்போன மஞ்சள் கொடியொன்றை அவன் மேசையில் வைத்தார்.

"ஸ்டேஷன் வாசல், வெள்ளை மினி பஸ், எட்டு மணி, இருபத்தொரு பேர். பூவைக் காட்டு, கோயிலைக் காட்டு, திரும்பக் கொண்டுவந்து விடு. அதுல ஷிமோயாமா அம்மான்னு ஒருத்தங்க வருவாங்க. பழைய மேயரோட வீட்டம்மா."

"எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"சின்ன உருவம், எழுபத்தஞ்சு வயசு. எல்லாரும் அவங்களுக்கு வழி விடுவாங்க. சாயங்காலத்துக்குள்ள அந்தம்மா முகத்துல ஒரு சிரிப்பு வந்தாகணும், அசானுமா. வரலைன்னா ஜூலைலேர்ந்து உனக்குக் குப்பை பிரிக்கிற எடத்துல வேலை."

"சும்மா சொல்றீங்க."

"போன வருஷம் கூட்டிட்டுப் போனவனை அங்க போய்ப் பாரு. நல்லாத்தான் பிரிக்கிறான்."

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் அசானுமா ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டு ஒன்று. வெள்ளை மினி பஸ் நின்றிருந்தது. அதன் முன்னால் ஒரு கூட்டம் குடை பிடித்தபடி, ஒருவரும் பேசாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு நிமிடம் தாமதமாக வந்தவன், 'நீங்கள்தான் அவர்களா' என்று வேறு கேட்டால் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. அவன் ஆழ்ந்து குனிந்து வணங்கிவிட்டுக் கொடியை உயர்த்தினான். அவர்கள் கொடியைப் பார்த்தார்கள்; ஒருவரையொருவர் பார்த்தார்கள்; பிறகு வரிசையாக ஏறினார்கள். அவன் எண்ணினான். இருபத்தொன்று. எண்ணிக்கை சரியாக இருந்தால் மற்றவை எல்லாம் சரியாகவே இருக்கும் என்று அலுவலகப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அனைவரும் கறுப்பு உடையில் இருந்தார்கள். அரசு ஊழியர்கள் ஓய்வு பெற்ற பின்னும் அப்படித்தான் உடுத்துவார்கள் என்பதில் அவனுக்கு வியப்பில்லை.

ஷிமோயாமா அம்மாவைக் கண்டுபிடிக்க அவன் சிரமப்படவே இல்லை. சின்ன உருவம். எல்லோரும் விலகி வழி விட்டார்கள். முன்வரிசையில் ஜன்னலோரம் அமர்ந்து, ஊதாத் துணியில் கட்டிய தட்டையான மூட்டையொன்றை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

"ஷிமோயாமா அம்மா, வணக்கம். இன்னிக்கு நான்தான் உங்களைப் பாத்துக்கப் போறேன்."

அந்த அம்மாள் திரும்பித் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாதவளைப் போல, தலை குனிந்து வணங்கினாள். காது கொஞ்சம் மந்தம் என்று அசானுமா மனத்தில் குறித்துக்கொண்டான்.

"மூட்டையைக் குடுங்கம்மா, மேல வச்சிடறேன். சாப்பாடு கொட்டிடப் போகுது."

அவன் அதை வாங்கி, கவிழ்த்து, மேல்தட்டில் இரண்டு குடைகளுக்கு அடியில் செருகினான். பேருந்து முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்தது. அவன் திரும்புவதற்குள் மூன்றாம் வரிசைக்காரர் எழுந்து, மூட்டையை இரு கைகளாலும் எடுத்து, மீண்டும் அவள் மடியில் வைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லி அமர்ந்தார்.

ஓட்டுநர் ஓபுச்சி வண்டியைக் கிளப்பினார்.

"அந்தப் பக்கம் இன்னொரு வெள்ளை பஸ் நின்னுச்சு, பாத்தீங்களா சார்? மழையில அப்படியே நிக்கிறாங்க, பாவம். அவங்க கொடிக்காரர் இன்னும் வரலையாம்."

"பொறுப்பில்லாத ஆளுங்க," என்றான் அசானுமா.

"எட்டு மணின்னா எட்டு மணிக்கு வரவேண்டாமா சார்?"

"அதானே," என்றான், குரலைச் சற்றுத் தாழ்த்தி.

முதல் அரைமணி நேரம் பேருந்தில் வைப்பர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. இப்படியே போனால் சிரிப்பு எங்கிருந்து வரும். அவன் ஒலிவாங்கியை எடுத்தான்.

"யாராவது ஒரு பாட்டு பாடலாமே. ஐயா, நீங்க?"

மூன்றாம் வரிசைக்காரர் ஒலிவாங்கியை வாங்கிப் பணிவாகப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அது இருபத்தொரு கைகள் வழியாக ஒரு சுற்று வந்து அசானுமாவிடமே திரும்பியது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு அவனே பாடினான்: திருவிழாவில் மேளம் அடித்துப் பாடும் பாட்டு, நடுநடுவே கைதட்டலுடன். இரண்டாம் அடியில் பின்வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் குரல் அவ்வளவு மோசமா என்று அவனுக்கு முதன்முறையாக ஐயம் வந்தது.

பத்தே முக்காலுக்குப் பேருந்து நின்றது. அசானுமா இறங்கிப் பார்த்தான். சின்னஞ்சிறு கோயில். பாசி, கற்கள், ஈரம். பூ என்று சொல்ல ஓர் இதழ்கூட இல்லை.

"ஓபுச்சி சார், இது எந்தக் கோயில்?"

"தாள்ல இதான் போட்டிருக்கு." ஓட்டுநர் மடித்த தாளை நீட்டினார்.

"பூவே இல்லையே. இது போன வருஷத் தாளா இருக்கும்."

"தாள் என் கையில. கொடி உங்க கையில." ஓட்டுநர் தாளை மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சைகையில் எங்கள் ஊரின் முழு அறமும் அடங்கியிருந்தது.

இதற்குள் வாசலில் துறவி ஒருவர் தோன்றி இடுப்புவரை குனிந்து வணங்கினார். அவருக்குப் பின்னால், கூடத்தில், உட்காரும் மெத்தைகள் வரிசையாக விரிக்கப்பட்டிருந்தன. தட்டில் தேநீர்க் கோப்பைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"வாங்க வாங்க. மழையில சிரமப்பட்டு வந்திருக்கீங்க."

"மன்னிக்கணும் சாமி. எடம் மாறி வந்துட்டோம்."

துறவி வாயைத் திறந்தார். அவர் பார்வை கொடிக்குப் போயிற்று. வாயை மூடிக்கொண்டார்.

"எல்லாம் தயாரா இருக்கே..." என்றார், பொதுவாக மழையைப் பார்த்து.

"உங்க பெரிய மனசு சாமி. இன்னொரு நாள் வர்றோம்."

பாதிப் பேர் அதற்குள் காலணிகளைக் கழற்றியிருந்தார்கள். அசானுமா கொடியை அசைத்தான். மௌனமாக அணிந்துகொண்டு மௌனமாக ஏறினார்கள். ஷிமோயாமா அம்மாள் மட்டும் படியில் நின்று, துறவியையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாம் வரிசைக்காரர் அவள் முழங்கையைத் தொட்டார்.

"அத்தை, ஏதாவது காரணம் இருக்கும். வாங்க."

ஓய்வு பெற்றவர்களுக்குள் இப்படி உறவு கொண்டாடும் வழக்கம் அசானுமாவுக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டாவது கோயில் அவன் திட்டத்தில் இருந்த கோயில்தான். அஜிசாய் அங்கே ஐந்நூறு செடிகள். ஐந்நூறும் பச்சையாக, இறுக மூடிய மொட்டுகளுடன் நின்றன.

"இந்த வருஷம் குளிர் பாருங்க," என்றாள் நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண். "இன்னும் பத்து நாள் ஆகும். மேல் கோயில்ல வெயில் படற பக்கம் பூத்திருக்கலாம்."

"எவ்வளவு தூரம்?"

"தூரம் ஒண்ணுமில்ல. முந்நூறு படிதான்."

மழையில் வழுக்கும் முந்நூறு படிகள். இருபத்தொரு ஜோடிக் கறுப்புத் தோல் காலணிகள். சுற்றுலாவுக்கு இப்படிப்பட்ட காலணி அணிந்துவரும் கூட்டத்தின் மீது அசானுமாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. நூற்றைம்பதாவது படியில் மூச்சு வாங்கியபடி அவன் திரும்பிப் பார்த்தான்.

"யாருக்காவது முடியலைன்னா தயங்காம சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. மூட்டையை நான்கு பேர் முறைவைத்துச் சுமந்துகொண்டிருந்தார்கள், குடையை அதற்குப் பிடித்துவிட்டுத் தாங்கள் நனைந்தபடி.

மேல் கோயில் பழுதுபார்ப்புப் பணிக்காக மூடப்பட்டிருந்தது. நீலத் துணியால் மறைத்த வாசலில், தலைக்கவசம் அணிந்த ஒரு மனிதனின் படம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்தொரு பேரும் அந்தப் படத்துக்குப் பதில் வணக்கம் செலுத்திவிட்டு இறங்கத் தொடங்கினார்கள்.

பகல் உணவாவது இதைச் சரிசெய்யும் என்று அசானுமா நம்பினான். அடிவாரக் கடையில் இருபத்தொரு பேருக்குச் சூடான சோபா நூடுல்ஸ், அதனுடன் அலுவலகச் செலவில் தலைக்கு ஒரு கோப்பை சாக்கே என்னும் அரிசி மது. அவன் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தி, தொண்டை கிழியக் "கன்பாய்" என்றான்.

ஒருவர்கூடக் கோப்பையை முட்டவில்லை. நெஞ்சுயரத்துக்கு மட்டும் தூக்கி, தலை தாழ்த்தி, ஏதோ முணுமுணுத்துக் குடித்தார்கள். ஷிமோயாமா அம்மாள் தன் கோப்பையை மூட்டைக்கு முன்னால் வைத்துவிட்டு நூடுல்ஸை வெறித்துப் பார்த்தாள்.

அசானுமா கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் என்னதான்யா வேணும்" என்று கேட்டான். வெளியே வந்தபோது ஓபுச்சி கதவருகே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க..."

"கேளுங்க."

ஓட்டுநர் கொடியைப் பார்த்தார். சிகரெட்டை அணைத்தார்.

"ஒண்ணுமில்ல. ஆத்தங்கரைப் பக்கம் பெண் துறவிகள் கோயில் ஒண்ணு இருக்கு. அங்க கண்டிப்பாப் பூத்திருக்கும். எங்க வீட்டுக்காரி போன வாரம் போனா."

"இதைக் காலைலயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே."

மூன்றரை மணிக்கு அவர்கள் அந்தக் கோயிலின் மூங்கில் கதவைத் தாண்டினார்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாதையின் இருபுறமும், சரிவு முழுவதும், ஆற்றங்கரை வரை, அஜிசாய் பூத்துக் கிடந்தது. ஒரு செடியில் இருந்த நீலம் அடுத்த செடியில் இல்லை. ஒவ்வொரு கொத்தும் தண்ணீரின் கனத்தில் தலை தாழ்த்தியிருந்தது. அன்று முதன்முறையாக அந்தக் கூட்டத்திலிருந்து, யாரும் உத்தரவிடாமல், "ஆ" என்று ஓர் ஒலி எழுந்தது.

அசானுமா கொடியைத் தாழ்த்தினான். அவன் ஷிமோயாமா அம்மாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வரிசையை விட்டு விலகினாள். மிகப் பெரிய நீலச் செடியின் முன்னால் இருந்த கல் இருக்கையில் மூட்டையை வைத்து, முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சாப்பாடு இல்லை. கறுப்பு நாடா கட்டிய சட்டத்துக்குள், காமிராவை நம்பாத முகத்துடன், ஒரு முதியவரின் புகைப்படம் இருந்தது. அதைப் பூக்களை நோக்கித் திருப்பி வைத்து, கண்ணாடியில் பட்டிருந்த மழைத்துளியைப் புறங்கையால் துடைத்தாள்.

"நாப்பத்தி மூணு வருஷம்," என்றாள் புகைப்படத்திடம். "ஒவ்வொரு ஜூன்லயும், அடுத்த ஜூன்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க. இப்பப் பாருங்க."

பிறகு சிரித்தாள். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் அதில் கலந்துகொண்ட, முழுமையான, ஐயத்துக்கு இடமில்லாத சிரிப்பு. குப்பைப் பிரிவு அசானுமாவின் எதிர்காலத்திலிருந்து ஓசையின்றி மறைந்தது. அவன் கண்கள் கலங்கின. கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றான்.

"எனக்கும்தான் தம்பி."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். மூன்றாம் வரிசைக்காரரின் முகம் வெளிறியது.

"அத்தை, வேணாம். கேக்காதீங்க."

"நீ சும்மா இரு. காலைலேர்ந்து எல்லாரும் வேணாம் வேணாம்னுதான் சொல்றீங்க." அவள் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு தொடர்ந்தாள். "தம்பி, பதினோரு மணிக்கு அந்தப் பாசிக் கோயில்ல இவருக்கு மூணாம் வருஷப் பூசை. சாமியார் இன்னும் தேத்தண்ணியை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். பஸ் ஏற்பாடு பண்ணின என் கூடப்பிறந்த தம்பி, காய்ச்சல், வரமுடியலைன்னு காலைல சொல்லிட்டான். என் சொந்தக்காரங்க எல்லாரும் உங்களை இவர் வழி ஆளுன்னு நெனச்சாங்க, இவர் சொந்தக்காரங்க எல்லாரும் என் வழி ஆளுன்னு நெனச்சாங்க. நீங்க நல்லா இருக்கணும். ஆனா, நீங்க யாரு?"